பூஜையில் வைத்த ஸ்பேனர்

ஆரஞ்சு நிறப் பூசணிக்காய் முதல் வீச்சில் உடையவில்லை. சிமெண்டுத் தரையில் மோதி, உருண்டோடி, சரக்கேற்றும் வாசலில் நின்ற லாரியின் சக்கரத்தில் முட்டி நின்றது. ஹாலோவீனுக்காகச் சாலையோரங்களில் குவித்து விற்கும் காய் அது, தோல் தடித்தது. மேல்புறம் வட்டமாகக் குடைந்து, உள்ளே குங்குமம் கொட்டிக் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஜாபர் அதைத் தூக்கிவந்து, தலைக்கு மேல் உயர்த்தி, மறுபடியும் போட்டான். இம்முறை சிதறியது. காவலுக்கு இருந்த ஜோ என்ற வெள்ளைக்காரர் சிவப்புச் சதைத் துண்டுகளைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் யார் கூட்டப் போகிறார்கள் என்று மட்டும் கேட்டார்.

நியூஜெர்சியில், டிரென்டன் பக்கம், மூடிக் கிடந்த ஒரு வால்வுத் தொழிற்சாலையில் நடந்த ஆயுத பூஜை அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆண்டு சரியாக நினைவில்லை. என் மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அந்தத் தரையில் அவளை இறக்கிவிட முடியாமல் இடுப்பிலேயே வைத்திருந்தேன்.

நீண்ட மேசைமேல் வெள்ளைப் படுக்கை விரிப்பு. அதன்மேல் ஸ்பேனர்கள், சுத்தியல்கள், உளிகள், செயின் பிளாக்குகள். ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும். இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ சாலையிலிருந்து வாங்கிய பொரி. மெஷின் எண்ணெயும் கற்பூரமும் கலந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

வரிசையில் முதலாவதாக இருந்தது ஒரு பெரிய ஸ்பேனர். அதை வைத்தவர் ஆறுமுகம். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பிட்டர்களுக்கு அவர்தான் மேஸ்திரி. இடது கையால் ஸ்பேனரை வைத்தார். வலது கையில் ஒரு கைக்குட்டை. அதை வலது கண்ணில் அழுத்திப் பிடித்திருந்தார்.

தண்டபாணி அங்கிள் பேசினார். இந்தியா வளர்கிறது என்றார். ஒரு காலத்தில் இவர்களிடம் கோதுமைக்குக் கையேந்தினோம், இன்று இவர்களுடைய ஆலையையே கழற்றிக்கொண்டு போகிறோம் என்றார். நானும் பட்டறைக்காரர் வீட்டுப் பேரன்தான், இந்த மண்ணில் நின்றுகொண்டு அதைப் பெருமையோடு சொல்கிறேன் என்று முடித்தார். பட்டுப்புடவைக்குக் கீழே ஸ்னீக்கர் அணிந்து வந்திருந்த எங்கள் பிளெய்ன்ஸ்பரோ ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கைதட்டின.

ஆறுமுகம் முன்வரிசையில்தான் நின்றார். கைதட்டிய ஒருவர்கூட அவர் கண்ணில் என்ன என்று கேட்கவில்லை.

இந்தத் தொடரில் என் முதல் குளிர்காலத்தைப் பற்றி எழுதியபோது, விமான நிலையத்துக்கே வந்து எனக்குக் கம்பளிக் கோட்டுப் போர்த்திய ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியிருந்தேன். பெயர் குறிப்பிடவில்லை. அவர்தான் இந்தத் தண்டபாணி அங்கிள். அந்தக் கோட்டின் கதகதப்பு பொய்யில்லை. இன்று எழுதப்போவதும் பொய்யில்லை.

துணி துவைக்கும் அறை

அந்த வால்வுத் தொழிற்சாலையின் இயந்திரங்களை மொத்தமாக வாங்கியவர் கோயம்புத்தூர் முதலாளி ஒருவர். வாங்கியதைக் கழற்றி, கண்டெய்னரில் ஏற்றி, ஊரில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். உள்ளூர் ஆட்களை வைத்துக் கழற்றினால் கட்டுப்படியாகாது. எனவே தம் பட்டறையிலிருந்தே ஒரு டஜன் பேரை அனுப்பினார். வந்தது வேலை விசாவில் இல்லை. இயந்திரங்களைப் பார்வையிட வந்தவர்கள் என்ற பெயரில் வந்தார்கள். இங்கே அவர்களுக்குப் பொறுப்பு தண்டபாணி அங்கிள். பாஸ்போர்ட்டுகள் பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கித் தம் வீட்டில் வைத்துக்கொண்டார்.

எங்கள் அடுக்ககத்திலேயே இரண்டு வீடுகளில் அவர்களைக் குடிவைத்தார். காலையில் ஒரு வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். இருட்டும் நேரத்தில் கொண்டுவந்து இறக்கும். வேனிலிருந்து இறங்குகிறவர்களின் உடுப்பைப் பார்த்தே எங்கள் ஆட்கள் திரைச்சீலையை இழுத்துவிடுவார்கள்.

நான் ஆறுமுகத்தை முதலில் சந்தித்தது, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த துணி துவைக்கும் அறையில். இயந்திரத்தின் முன்னால் காக்கித் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, காசு போட்டாப் போதுங்களா, இல்ல சோப்பு நாமதான் போடோணுங்களா?" என்று கேட்டார்.

சொல்லிக்கொடுத்தேன். துணி சுற்றி முடியும்வரை நின்று பேசினோம். இங்கே கழற்றுகிற இயந்திரங்களை ஊரில் நிறுத்தி ஓட்டிக்காட்டும் வேலையும் தமக்கே என்று முதலாளி வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். புதிய ஆலைக்கு அவரே போர்மேன். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார், யாராவது கேட்டுத் தட்டிப் பறித்துவிடுவார்கள் என்பதுபோல.

அடுத்த வாரம் எங்கள் தமிழ்க் குடும்பங்களில் ஒன்று, குழந்தையின் கவுனில் கிரீஸ் ஒட்டிவிட்டது என்று அங்கிளிடம் புகார் சொன்னது. அவர்கள் துவைத்த இயந்திரத்தில் நம் துணியை எப்படிப் போடுவது என்று கேட்டது. மெக்ஸிகோக்காரர்களும் சீனக்காரர்களும் துவைக்கும் அதே இயந்திரம்தான். அவர்களைப் பற்றிப் புகார் இல்லை. நம்மவர் என்றால்தான் நமக்கு அழுக்குத் தெரிகிறது. அன்றிலிருந்து அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டுக் குளியல் தொட்டியில் துவைத்தார்கள். பின்னர் ஆயுத பூஜைக்குச் சுண்டல் செய்து கொண்டுவந்த கைகளில் அந்தப் புகார் சொன்ன கையும் ஒன்று.

திருப்பிக் கொடுத்த கண்ணாடிகள்

அமெரிக்காவுக்கு வந்த எங்கள் தலைமுறை முதலில் கற்ற பாடம், பில்லைக் கிழிக்காதே என்பது. இந்த நாட்டில் எதையும் வாங்கலாம், வைத்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைக்காரர் காரணம் கேட்கமாட்டார். எங்கள் ஆட்கள் அந்த நம்பிக்கையை ஒரு கலையாகவே வளர்த்திருந்தார்கள். வளைகாப்புக்கு முதல் நாள் வீடியோ கேமரா வாங்கி, மூன்றாம் நாள் திருப்பிய குடும்பம் எனக்குத் தெரியும். ஊருக்குப் போய்வந்த பெட்டியைத் துடைத்துத் திருப்பியவர்களைத் தெரியும். "ரிட்டர்ன் பண்ணிடலாம்" என்பது எங்கள் வீடுகளில் தினமும் கேட்கும் வாசகம். நானும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

தொழிற்சாலைக் கட்டடத்தின் உரிமையாளர் தரப்பிலிருந்து ஒருவர் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பார்வையிட வரப்போவதாகச் செய்தி வந்தது. தண்டபாணி அங்கிள் கடைக்குப் போய் ஆளுக்கொரு ஹெல்மெட், கையுறை, கண்ணை மூடிக் காக்கும் கண்ணாடி எல்லாம் வாங்கிவந்தார். அன்று எல்லோரும் அவற்றை அணிந்தே வேலை செய்தார்கள். வந்தவர் திருப்தியாகப் போனார். மாலையில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, துணியால் துடைத்து, உறையில் போட்டு, அட்டைப் பெட்டியில் அடுக்கினார் அங்கிள். மறுநாள் அவை கடைக்குத் திரும்பிப் போயின.

இதை எனக்குச் சொன்னவன் ஜாபர். கோயம்புத்தூர் உக்கடத்துப் பையன்; செயின் பிளாக்கால் கனமான இயந்திரங்களைத் தூக்கி நகர்த்துவது அவன் வேலை. என்னை அக்கா என்பான். "ஒரு நாளு மாப்பிள்ளையாட்டம் இருந்தோமுங்கக்கா," என்று சொல்லிச் சிரித்தான். "கண்ணாடியில கீறல் உழுந்துரப் போவுதுன்னு வேலையே மெதுவாத்தானுங்க செஞ்சோம்."

அடுத்த சில நாட்களில் அது நடந்தது. துருப்பிடித்து இறுகிய ஒரு போல்ட்டை ஆறுமுகம் உளி வைத்து அடித்துக்கொண்டிருந்தார். சுத்தியல் உளியில் பட்ட இடத்திலிருந்து ஏதோ தெறித்தது. எறும்பு கடித்ததுபோல ஒரு சுருக், அவ்வளவுதான். தண்ணீரால் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மறுநாள் அந்தக் கண்ணின் முன்னால் புகை நிற்பதுபோல இருக்கிறது என்றார்.

கண்ணாடிகள் அந்நேரம் கடையின் அலமாரியில் வேறு யாருக்காகவோ தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

பலூன்களுக்கு நடுவே ஒரு டார்ச்

ஜாபர் வந்து சொன்ன அன்றே நான் அங்கிள் வீட்டுக்குப் போனேன். மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பொறுமையாக விளக்கினார்.

"இவங்க எந்த விசால வந்திருக்காங்கன்னு உனக்குத் தெரியும்மா. எமர்ஜென்சிக்குப் போனா எப்படி அடிபட்டதுன்னு கேப்பான். ஒருத்தன் கண்ணு சிவந்ததுக்கு பன்னெண்டு பேரையும் டிபோர்ட் பண்ணிடுவான். வேலை முடிஞ்சதும் ஊருக்குத்தானே போறாங்க? நம்ம கோயம்புத்தூர்ல இல்லாத கண் ஆஸ்பத்திரியா?"

பிறகு, எனக்காகவே விட்டுக்கொடுப்பவர்போல, சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் பார்ட்டி இருக்கிறது, டாக்டர் சார் வருகிறார், காட்டிவிடலாம் என்றார்.

டாக்டர் சார் என்பவர் எங்கள் வட்டாரத்தின் ஒரே தமிழ் மருத்துவர். குழந்தை மருத்துவர். இரத்த அழுத்தம், முட்டிவலி, மாமியாரின் மூச்சிரைப்பு எல்லாவற்றையும் எங்கள் ஆட்கள் அவரிடம்தான் காட்டுவார்கள், அதுவும் விருந்துகளில், கையில் தட்டோடு அவர் நிற்கும்போது. வெளி டாக்டரிடம் போவது கடைசி வழி. எல்லாவற்றையும் நமக்குள்ளேயே முடித்துக்கொள்வது ஒரு சாமர்த்தியம் என்று எங்களுக்கு ஓர் எண்ணம்.

ஆறுமுகத்தைப் பரிசுப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மேலே பலூன்கள். குழந்தைகள் காலடியில் ஓடின. டாக்டர் சார் சாவிக்கொத்திலிருந்த சிறிய டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

"லேசாச் சிவந்திருக்கு. டிராப்ஸ் தரேன், போடுங்க, சரியாயிடும்."

என்ன வேலை செய்யும்போது நேர்ந்தது என்று அவர் கேட்கவில்லை. இரும்பை இரும்பால் அடித்தபோது என்று நான் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே, கேக் வெட்டக் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்துபோனார். தம் துறையில் கெட்டிக்காரர். என் மகளின் காய்ச்சலைத் தொட்டே சொல்லிவிடுவார். தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்ல அன்று அவருக்கு ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

ஆறுமுகத்துக்கும் காகிதத் தட்டில் ஒரு துண்டு கேக் கிடைத்தது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சேகர் சொன்னார்: "நம்ம கிரீன் கார்டு ஃபைல் ஓடிட்டிருக்கு. நீ எதுலயும் தலையக் கொடுக்காத." அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்களை வைத்துக்கொண்டு கெட்டவர்கள் செய்யாத காரியம் எது?

ஊரில் நான் சமூகப் பணி படித்தவள். யாருக்காக உழைக்கிறோமோ அவர்களுடைய முடிவே முடிவு, நம்முடைய நல்லெண்ணத்தை அவர்கள் தலையில் ஏற்றக் கூடாது என்று எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். அமெரிக்காவில் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. படித்ததை மறக்கவும் முடியவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் அதிகாரிகளை அந்த ஆலைக்கு வரவழைத்துவிட முடியும். வந்தால் முதலில் யாருக்கு அடி விழும் என்றும் யோசித்தேன். அங்கிளுக்கு ஒரு வக்கீல் கிடைப்பார். பன்னிரண்டு பேருக்கு ஒரு விமானம் கிடைக்கும்.

ஆகவே அவர்கள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். தரையெல்லாம் மெத்தைகள். குளியலறைக் கம்பியில் காக்கிச் சட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன. ஆறுமுகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நானொருத்தன் போறதுன்னாப் பரவால்லீங்க அம்மிணி," என்றார். "இவனுங்களையும் சேத்து அனுப்பிட்டா ஊர்ல எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிக்கறது?"

"உங்க கண்ணு போயிடும்ண்ணா."

"போனா மெஷினு நிறுத்தற வேலையும் போயிருமுங்க. ரோட்டோரத்துல டீ விக்கறதுக்கு ஒத்தக் கண்ணு போதும். மெஷினு மட்டமா நிக்குதான்னு பாக்கறதுக்குப் பத்தாதுங்க."

ஜாபர் என்னைப் பார்த்துக் கேட்டான்: "ஆயுத பூசை நோம்பி இங்க என்னைக்குங்கக்கா கும்புடறாங்க?"

இந்த நேரத்தில் இவனுக்குப் பண்டிகை ஞாபகம் வருகிறதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை என்றேன்.

வைத்த கை

விஜயதசமி ஞாயிற்றுக்கிழமை. பூஜையில் வைத்த கருவிகளை எடுத்து வேலையைத் தொடங்கும் நாள். அதை வீடியோவில் பிடித்து முதலாளிக்கு அனுப்ப வேண்டும் என்று அங்கிளுக்கு ஆசை. முந்திய நாள் வந்த குடும்பங்களில் பாதி மறுபடியும் வந்திருந்தது. ஆலையின் மிகப் பெரிய இயந்திரம் அன்று ஏறவேண்டும். வாடகைக்கு வந்த கிரேன் வெளியே நின்றது. லாரி ஓட்டுநர் படிக்கட்டில் உட்கார்ந்து காகிதக் குவளையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

"எடுங்கப்பா, ரெக்கார்டிங் ஓடுது," என்றார் அங்கிள்.

பதினோரு பேரும் குளித்து, நெற்றியில் இட்டுக்கொண்டு, கைகட்டி நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை.

"ஆறுமுகம் எங்கே?"

"ரூம்ல படுத்திருக்காருங்க சார்," என்றான் ஜாபர். "கண்ணு இன்னும் சரியாகலீங்க."

"சரி, நீ எடு. ஆரம்பிச்சு வை."

"நானெப்படிங்க சார் எடுக்கறது? மொதல்ல வெச்சவரு மேஸ்திரி. வெச்ச கை எடுக்காம வேற கை தொடக் கூடாதுங்களே." அங்கிளை நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்குத் தெரியாததுங்களா? பட்டறைக்காரரு ஊட்டுப் பேரன் நீங்க."

அங்கிளின் முகத்தை அப்போது பார்த்தேன். முந்திய நாள்தான் அதே இடத்தில் நின்று அந்தப் பெருமையைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தார். கெமிக்கல் இன்ஜினியர், பட்டறைக்குள் கால் வைத்தவரே இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அப்படி ஒரு வழக்கம் உண்டா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் முடியாது.

அப்போது கரூர்க்கார ஆன்டி ஒருவர், யாரும் கேட்காமலே, சுண்டல் பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "ஆமாங்க, எங்க மாமனார் பஸ் பாடி கட்டற பட்டறைலயும் அப்படித்தான். மாத்தித் தொட்டா முதலாளிக்கே ஆகாதும்பாங்க."

"அப்ப அவனக் கூட்டிட்டு வாங்க. ஒரு நிமிஷம் தொட்டுட்டுப் போகட்டும்."

"வருவாருங்க சார். வராமயா," என்றான் ஜாபர், மிகுந்த பணிவோடு. "ஆனா கண்ணு தெரியாமத் தடவித் தடவி எடுத்தா நல்லாவா இருக்கும்? அந்த மெஷினு அங்க போயி ஓடோணுமில்லீங்களா?"

வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. முதலாளி பார்க்கப்போகும் வீடியோ. கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டு, அங்கிள் காவலரின் கண்ணாடி அறைக்குள் போய்க் கோயம்புத்தூருக்குத் தொலைபேசியில் பேசினார். நாங்கள் வெளியிலிருந்து பார்த்தோம். முதலில் அவர் கை வீசிப் பேசினார். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார்.

காவலர் ஜோ என் பக்கத்தில் வந்து நின்றார். அந்த ஆலையிலேயே தன் வாழ்நாளெல்லாம் உழைத்து, அது மூடப்பட்டபின் அதற்கே காவலுக்கு நின்றவர். இவர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்களா என்று கேட்டார். இல்லை, சாமி காரியம் என்றேன். வேலைநிறுத்தம் செய்தபோது தாங்கள் மாதக்கணக்கில் அட்டை பிடித்து வாசலில் நின்றதாகவும், தங்கள் சங்கத்துக்கு இந்த யோசனை வராமல் போயிற்றே என்றும் சொன்னார்.

அங்கிள் வெளியே வந்தார். தாமே தீர்மானித்தவர்போல அறிவித்தார்: "முதலாளிகிட்ட பேசிட்டேன். ஆறுமுகம் டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்து எடுக்கட்டும். நம்ம டாக்டர் சார்கிட்டயே…"

"கண் டாக்டர், அங்கிள்," என்றேன். "எமர்ஜென்சி. நான் டிரைவ் பண்றேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், அந்தக் கோட்டைத் திருப்பிக் கேட்பார்போல இருந்தது.

யாரும் கேட்காத கேள்வி

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் எப்படி நேர்ந்தது என்று கேட்டார். நான் ஆறுமுகத்தைப் பார்த்தேன். அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் தீர்மானிக்க வேண்டியது.

"சுத்தியில அடிச்சப்பத் தெறிச்சதுங்கன்னு சொல்லுங்க அம்மிணி. இருக்கறதச் சொல்லுங்க."

சொன்னேன். அடுத்த நிமிடமே படம் எடுக்க அனுப்பினார்கள். விழியின் உள்ளே, அரிசி நொய்யைவிடச் சிறியதாக, வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. இரும்பு. அது அங்கே கிடந்து துருவேறிக் கண்ணின் உட்புறத்தை நஞ்சாக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே வந்திருந்தால் என்று மருத்துவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, ஆறுமுகத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, முடிக்காமல் விட்டார்.

விசாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வரவேற்பில் கேட்கவில்லை, படம் எடுத்த இடத்தில் கேட்கவில்லை, அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துப்போகும்போதும் கேட்கவில்லை. எந்தக் கதவைத் தட்ட எங்கள் ஊர்ப் படிப்பாளிகள் எல்லோரும் நடுங்கினார்களோ, அந்தக் கதவு தள்ளினால் திறக்கும் கதவாக இருந்தது. ஒரே ஒருவராவது முன்னதாகத் தள்ளிப் பார்த்திருக்கலாம். கண்ணை அரித்த துருவில் பாதி எங்களுடையது என்று அன்று எனக்குத் தோன்றியது; இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது. மீதிப் பாதி யாருடையது என்பதை எழுதத் தேவையில்லை.

காத்திருக்கும் அறையில் ஜாபர் என் எதிரே உட்கார்ந்திருந்தான். வைத்த கைதான் எடுக்க வேண்டும் என்று உண்மையிலேயே ஒரு வழக்கம் உண்டா என்று கேட்டேன். நான் திருநெல்வேலிக்காரி, அவர்கள் பட்டறை வழக்கம் எனக்குத் தெரியாது.

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "இருக்கோணுமில்லீங்களா அக்கா."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு. அது அடங்குவதற்குள் மருத்துவர் வந்து, இரும்பை எடுத்துவிட்டோம், கண் இருக்கும், பார்வை திரும்பாது என்றார்.

அதை மொழிபெயர்த்து ஆறுமுகத்திடம் சொன்னவள் நான். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இன்னொரு கண்ணுக்கு ஒண்ணுமாகாதுங்களே?"

எடுத்த கை

மருத்துவமனையிலிருந்து அனுப்பிய அன்று, ஓய்வு வேண்டும், குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லித்தான் அனுப்பினார். தண்டபாணி அங்கிள் தம் காரோடு வாசலில் நின்றார். அவரே கதவைத் திறந்துவிட்டு, ஆறுமுகத்தின் தோளைத் தாங்கி ஏற்றினார். கார் பிளெய்ன்ஸ்பரோவுக்குத் திரும்பும் என்று நினைத்து நான் பின்னாலேயே போனேன். அது டிரென்டன் பக்கம் திரும்பியது.

அந்த நாட்களில் ஒரு கருவிகூட அசையவில்லை. கிரேன் சும்மா நின்றது. ஆகவே வீட்டுக்குப் போகுமுன் ஆறுமுகம் வந்து எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். தோழருக்காக அவர்கள் கட்டிய வழக்கம், கட்டுப்போட்ட கண்ணோடு அவரையே ஆலைக்கு இழுத்துவந்திருந்தது. ஜாபரின் முகம் செத்துப்போயிருந்தது. நன்மையென்று செய்த ஒன்று எங்கெங்கே போய் வெட்டும் என்பதை எந்த வகுப்பறையும் எனக்கு அப்படிக் காட்டியதில்லை.

குடும்பங்கள் மூன்றாம் முறையாக வந்திருந்தன. பூ வாடியிருந்தது. பொரி நமுத்திருந்தது. அங்கிள் பேசினார். எங்கள் தொழிலாளி என் தம்பி மாதிரி, அவருக்கு உலகத்தரமான சிகிச்சை கொடுத்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம் என்றார். அடுத்த பொங்கல் விழாவில் இதற்காகவே அங்கிளுக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் போகவில்லை.

கேமரா ஓடத் தொடங்கியது.

ஆறுமுகம் மேசையருகே வந்தார். வலது கண்ணில் வெள்ளைக் கட்டு. ஒரு விநாடி கும்பிட்டார். பிறகு கையை நீட்டினார், தினமும் ஆயிரம் தடவை நீட்டிய அதே வேகத்தில், பார்க்காமலே எடுக்கிறவர் நீட்டுவதுபோல.

கை ஸ்பேனருக்கு ஒரு சாண் இப்பால், வெறும் விரிப்பின்மேல் விழுந்தது.

அவர் கையை எடுக்கவில்லை. விரல்கள் விரிப்பைத் தடவிக்கொண்டே முன்னால் போயின. பொரி நொறுங்கும் சத்தம் கேட்டது. ஜாபர் ஓர் அடி முன்னால் வைத்து, நின்றுவிட்டான். விரல்கள் இரும்பைத் தொட்டன. ஆறுமுகம் ஸ்பேனரை எடுத்தார்.

கைதட்டினார்கள்.

"ஆறுமுகம், ஒரு நிமிஷம்," என்று அங்கிள் அவருக்கு வலது பக்கத்திலிருந்து கூப்பிட்டார். "கேமரால சரியா விழல. வெச்சுட்டு இன்னொரு தடவ எடு. இந்தத் தடவ நேரா எடு."

கைதட்டல் நின்றது. ஆறுமுகம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. காது நன்றாகத்தான் கேட்கும் அவருக்கு. ஸ்பேனரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தரையில் கால் தடவி, இயந்திரத்தை நோக்கி நடந்தார். ஒருவர்பின் ஒருவராக மற்ற பதினோரு பேரும் மேசைக்கு வந்து, தத்தம் கருவியை எடுத்துக்கொண்டு, அவர் பின்னால் போனார்கள்.

அங்கிள் இன்னும் இருமுறை அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முதலாளிக்குப் போன வீடியோவில் அந்தக் குரல் இருந்திருக்கும். படத்தில் இருந்திருப்பது பன்னிரண்டு முதுகுகள்.